ஓகே: ஒன்பதாம் விடை குறித்த ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

நாள் தவறாமல் வாயில் வந்துபோகிற, ஆனால் பொருள் என்னவென்று ஒருவரும் நின்று கேட்காத சொற்களில் தலையாயது ‘ஓகே’. அகராதிகளைப் புரட்டினால் ‘சரி’, ‘சம்மதம்’, ‘நல்லது’, ‘பரவாயில்லை’ என்று நான்கு பொருள் கிடைக்கும். நான்கும் ஒன்றுதான் என்று அகராதிக்காரர் எண்ணியிருக்கலாம். பெண் பார்க்கப் போனவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். ‘சம்மதம்’ என்று சொல்லி அனுப்பும் வீட்டுக்கும் ‘பரவாயில்லை’ என்று சொல்லி அனுப்பும் வீட்டுக்கும் இடையே ஒரு கல்யாண மண்டபத்தின் முன்பணமே மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே சொல் இந்த இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும்? பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஓகே சம்மதத்தைக் குறிப்பதன்று, மறுப்பைக் குறிப்பதன்று, மதிப்பீட்டைக் குறிப்பதும் அன்று. ‘நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது’ என்பதற்கு மேல் அதில் ஒரு குன்றிமணி அளவும் பொருள் இல்லை. கூரியர்காரர் நீட்டும் தாளில் நாம் போடும் கையெழுத்து பொட்டலம் வந்து சேர்ந்ததற்குத்தான். உள்ளே இருப்பது பிடித்திருக்கிறது என்பதற்கு அல்ல. ஓகேயும் அவ்வகைக் கையெழுத்தே. இதனைப் பிறப்பாலும், உறவாலும், இலக்கணத்தாலும், வழக்காலும் நிறுவி, எதிர்வரும் தடைகளுக்கு விடை கூறி முடிப்பது நோக்கம்.

பிறப்பியல்

எழுத்தில் இச்சொல் முதன்முதலாகக் கண்ணில் படுவது 1839 மார்ச் 23 அன்று, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வெளிவந்த ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ நாளிதழில். மணியடிப்பு எதிர்ப்புச் சங்கம் என்ற ஒரு வேடிக்கைச் சங்கத்தைப் பற்றிய குறிப்பில், ‘ஆல் கரெக்ட்’ என்பதன் சுருக்கமாக ஓ, கே என்ற இரண்டு எழுத்துகள் போகிற போக்கில் அச்சாகியிருந்தன. ‘ஆல்’ என்ற சொல் ஆங்கிலத்தில் ‘ஏ’யில் தொடங்குவது, ‘கரெக்ட்’ என்பது ‘சி’யில் தொடங்குவது. வேண்டுமென்றே இரண்டையும் தப்பாக எழுதி, அந்தத் தப்புக்கு முதலெழுத்து எடுத்ததுதான் ஓகே. ஆக, ‘எல்லாம் பிழையற்றது’ என்று அறிவிக்க வந்த சொல், இரண்டே எழுத்து கொண்டது, இரண்டிலும் பிழையோடு பிறந்தது. தான் சொல்வதற்கும் தனக்கும் தொடர்பில்லை என்பதைப் பிறந்த அன்றே பறைசாற்றிய சொல் எந்த மொழியிலும் அரிது. இது நம் துணிபுக்கு முதற்சான்று: உண்மையைப் பற்றி உறுதி தருவது அதன் பிறவிக்குணத்திலேயே இல்லை.

அந்நாளில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்குச் சுருக்கெழுத்துப் பைத்தியம் பிடித்திருந்தது. ‘ஆல் ரைட்’ என்பதையும் இதே பாணியில் கொச்சைப்படுத்தி ஓ, டபிள்யூ என்று எழுதினார்கள். பொருளும் ஒன்று, பிறந்த ஊரும் ஒன்று, நகைச்சுவையின் தரமும் ஏறத்தாழ ஒன்று. ஆனால் ஓடபிள்யூ செத்துப்போய் ஓகே பிழைத்தது. காரணம் மொழியியல் அன்று, தேர்தல். 1840இல் மறுபடி போட்டியிட்ட குடியரசுத் தலைவர் மார்ட்டின் வான் பியூரன், நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹுக் என்ற ஊர்க்காரர். ‘ஓல்ட் கிண்டர்ஹுக்’, அதாவது கிண்டர்ஹுக் பெரியவர், என்று அவரை அழைத்த ஆதரவாளர்கள் அதற்கும் முதலெழுத்து ஓ, கே என்பதைக் கண்டு மகிழ்ந்து ஓகே சங்கம் தொடங்கினார்கள். எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? அதே இரண்டெழுத்துக்கு ‘கையில் காசில்லை’ என்றும் ‘கோரமான பேரிடர்’ என்றும் பொருள் வருமாறு, எழுத்துப்பிழையோடு கூடிய விரிவுகளை எழுதித் தள்ளினார்கள். முன்னாள் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, அவர்தான் காகிதங்களில் அப்படிக் கிறுக்கி ஒப்புதல் கொடுத்தார் என்று ஒரு கதையையும் கட்டிவிட்டார்கள். தேர்தலில் வான் பியூரன் தோற்றார். தலைவர் போனார், சொல் நின்றது. ஒரே ஆண்டில் ஆதரவும் எதிர்ப்பும் அவதூறும் ஒருசேரக் குடியேறியும் இடநெருக்கடி ஏற்படாத சொல் என்றால், உள்ளே இடம் காலியாகவே இருந்தது என்றுதானே கொள்ள வேண்டும்?

இவ்வரலாற்றை 1963, 1964ஆம் ஆண்டுகளில் பழைய நாளிதழ்களைக் கிளறி நிறுவியவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். அதற்கு முன்பும் பின்பும் ஓகேக்கு உயர்குலத் தோற்றம் கற்பிக்க முயன்றவர்கள் பலர். சாக்டா பழங்குடியினரின் ‘ஓகே’ என்பதே மூலம் என்று நம்பிய குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன், கோப்புகளில் அதற்கேற்ற எழுத்துக்கூட்டலையே பயன்படுத்தினார். கிரேக்கத்தில் ‘எல்லாம் நலம்’ என்று பொருள்படும் ‘ஓலா கலா’ என்பார் சிலர். ஸ்காட்லாந்தின் ‘ஓக் ஐ’ என்பார் வேறு சிலர். மேற்கு ஆப்பிரிக்காவின் வோலோஃப் மொழியைக் காட்டுவாரும் உளர். இவர்களுடைய தரப்பை ஒதுக்குவதற்கு ரீட் காட்டும் நாளிதழ்களே போதும். ஆயினும் இவர்கள் ஏன் இவ்வளவு பாடுபட்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது. தாம் இவ்வளவு காலம் கையெழுத்தாகவும் வாக்குறுதியாகவும் நம்பிய சொல், ஒரு பத்திரிகை அலுவலகத்தின் அரட்டையில் பிறந்தது என்பதை மனம் ஏற்கவில்லை. இதில் தமிழரும் விதிவிலக்கல்லர். ‘ஒரு கல் ஒரு கண்ணாடி’ (2012) படத்தை ஓகே ஓகே என்றும், ‘ஓ காதல் கண்மணி’ (2015) படத்தை ஓகே கண்மணி என்றும் சுருக்கியதில், கிண்டர்ஹுக் பெரியவருக்கு நேர்ந்ததே மீண்டும் நேர்ந்தது. யார் வேண்டுமானாலும் வந்து தன் விரிவை மாட்டிவிட்டுப் போகலாம், ஓகே ஆட்சேபிப்பதில்லை.

உறவியல்

ஒரு சொல்லின் யோக்கியதையை அதன் சொந்தபந்தங்களைக் கொண்டும் அறியலாம். ஓகேக்கு ஒத்த பொருளுடையவை என்று ஆங்கில அகராதிகள் காட்டும் சொற்களுள் முதலாவது ‘ஃபைன்’. இது ‘ஃபினிஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. அதன் பொருள் ‘முடிவு’. வழக்கை முடித்துக்கொள்வதற்காகக் கட்டும் பணத்துக்கு ஃபைன் என்று பெயர் வந்ததும் அதனாலேயே. ‘நல்லது’ என்று நாம் மொழிபெயர்க்கும் இச்சொல்லின் அடியில் ‘பேச்சை முடி’ என்ற கருத்து புதைந்து கிடக்கிறது. குரலைச் சற்றே தாழ்த்தி, அந்த ஒரு சொல்லை மட்டும் ஒரு மனைவி சொல்லும்போது கணவருக்கு இலத்தீன் தெரியாமலேயே மூலப்பொருள் விளங்கிவிடுகிறது. இரண்டாவது உறவினர் ‘ஷ்யூர்’. இது ‘செக்யூருஸ்’ என்பதிலிருந்து வந்தது; ‘கவலை அற்ற’ என்று பொருள். கேட்பவர் ‘உறுதியாகச் செய்வார்’ என்று எடுத்துக்கொள்கிறார். சொல்லோ, சொன்னவருக்குக் கவலையில்லை என்று மட்டுமே சான்று பகர்கிறது. மூன்றாவதான ‘ரைட்’ ஒன்றுதான் குடும்பத்தில் கொஞ்சம் நேர்மையானது. நேர்கோடு, வளையாதது என்பது அதன் பழம்பொருள். தீர்ப்புச் சொல்லும் துணிவு அதற்கு உண்டு. அதனால்தானோ என்னவோ, நம் ஊர் நடத்துநர் பேருந்தைக் கிளப்ப ‘ரைட், ரைட்’ என்கிறாரே தவிர, ‘ஓகே, ஓகே’ என்பதில்லை. ஓகேயை நம்பி வண்டியை எடுக்க முடியாது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

இந்த உறவினர்களுள் நம் துணிபுக்கு மிகவும் உதவுவது வானொலித்தொடர்பில் வழங்கும் ‘ராஜர்’. விமானிகள் பேசும்போது ராஜர் என்றால், ‘நீங்கள் கடைசியாகச் சொன்னது முழுவதும் கிடைத்தது’ என்று பொருள். ‘ரிசீவ்ட்’ என்ற சொல்லின் முதலெழுத்தான ‘ஆர்’ இரண்டாம் உலகப்போர்க்கால எழுத்துப் பட்டியலில் ‘ராஜர்’ என்று உச்சரிக்கப்பட்டது. 1956இல் வந்த புதிய பட்டியலில் அந்த இடம் ‘ரோமியோ’வுக்குப் போனபின்பும் ராஜர் பதவி விலகவில்லை. ‘கிடைத்தது, அவ்வாறே செய்வேன்’ என்று சொல்ல விரும்பினால் அதற்கு வேறொரு சொல் வைத்திருக்கிறார்கள்: ‘வில்கோ’. ஆம், இல்லை என்று பதில் வேண்டிய கேள்விக்கு ராஜர் என்று சொல்லக்கூடாது என்பது அத்துறையின் எழுதப்பட்ட விதி. காதில் விழுவது வேறு, செய்ய ஒப்புக்கொள்வது வேறு என்ற மெய்யுணர்வு, முப்பதாயிரம் அடி உயரத்தில் பறப்பவர்களுக்கு வாய்த்திருக்கிறது. தரையில் இருக்கும் நாம் இரண்டையும் ஓகே என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டோம். அம்மூட்டையிலும் வில்கோவின் பங்கு குறைவு, ராஜரின் பங்கே மிகுதி என்பதை அமெரிக்கத் தந்தி ஊழியர்களின் வழக்கமும் காட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் ஓகே தட்டியது செய்தி வந்து சேர்ந்ததற்கு அடையாளமாக. தந்தியில் வந்தது மரணச் செய்தியானாலும் அவர்கள் ஓகே என்றே தட்டினார்கள்; அதில் அவர்களுக்குச் சம்மதம் என்று ஒருவரும் பொருள்கொள்ளவில்லை.

விடையியல்

இனி நம் இலக்கணத்துக்கு வருவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் விடைகளை எட்டாகப் பகுத்தார்: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. பள்ளிப்பிள்ளைகள் இன்றும் இதை மனப்பாடம் செய்கிறார்கள். ‘சாயங்காலம் ரேஷன் கடைக்குப் போவாயா?’ என்று ஓர் அம்மா மகனைக் கேட்பதாகக் கொள்வோம். ‘போவேன்’ என்றால் நேர்விடை. ‘போகமாட்டேன்’ என்றால் மறை. ‘நீயே போ’ என்றால் ஏவல். ‘போகாமல் இருப்பேனா?’ என்றால் வினா எதிர் வினாதல். ‘கால் வலிக்கிறது’ என்றால் உற்றது உரைத்தல். ‘கால் வலிக்கும்’ என்றால் உறுவது கூறல். ‘பால் பூத்துக்குப் போகிறேன்’ என்றால் இனமொழி. ரேஷன் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டு, ‘அதோ’ என்று கைகாட்டினால் அது சுட்டு. எட்டும் ஆயிற்று. ஆனால் இன்றைய மகன் இவற்றுள் ஒன்றையும் சொல்வதில்லை. கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் ‘ஓகே’ என்கிறான். இதை எந்த வகையில் அடைப்பது?

நேர்விடையில் அடைக்கலாமே என்பார் உளர். அற்றன்று. நேர்விடை சொன்னவன் போகாவிட்டால் பொய்யனாகிறான். ஓகே சொன்னவன் போகாவிட்டால், ‘ஓகேன்னுதானே சொன்னேன், போறேன்னு சொன்னேனா?’ என்று கேட்க முடிகிறது. அம்மாவுக்குக் கோபம் வருகிறதே தவிர, பதில் வருவதில்லை. பொய்யாக்கவே முடியாத கூற்று மெய்யும் ஆகாது என்பது தர்க்கத்தின் பாலபாடம். மறையில் அடைக்கலாமா என்றால், சில நாள் அவன் போய்விடுவதும் உண்டு. ஆகவே எட்டு வகையிலும் இடமின்றி வாசலில் நிற்கும் இவ்விடைக்கு ஒன்பதாவதாக ஓர் ஆசனம் போட்டாக வேண்டும். ‘உற்றது உரைத்தல்’ என்பதன் அருகே ஓசையும் ஒத்து அமருமாறு இதற்குப் ‘பெற்றது உரைத்தல்’ என்று பெயரிடலாம். கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது, அதைப் பெற்றுக்கொண்டேன், பெற்றதை உரைத்தேன், அவ்வளவே. பவணந்தியார் இதைக் கூறாமல் விட்டது குற்றமன்று. தமிழுக்குச் சொல் தரும் நாடுகளை அவர் கணக்கெடுத்தபோது பாஸ்டன் அதில் இல்லை.

திசைச்சொல் என்று ஏற்றுக்கொண்டபின் ஓகே நம் புணர்ச்சிவிதிக்குக் கட்டுப்பட்டு நடந்துகொள்கிறது என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். ஏகாரத்தில் முடியும் சொல்லின் முன் உயிர் வந்தால் யகரம், வகரம் இரண்டும் உடம்படுமெய்யாக வரலாம் என்பது விதி. எனவே ‘ஓகேயா?’ என்பதற்கும் தடையில்லை, ‘ஓகேவா?’ என்பதற்கும் தடையில்லை. மக்கள் வகரத்தைத் தேர்ந்தார்கள். ஆங்கிலத்தில் பிழையாகப் பிறந்த குழந்தை, தமிழுக்கு வந்து பிழையில்லாமல் புணர்கிறது.

வழக்கியல்

‘சரி’ என்ற சொல் நம்மிடம் இருக்க, ஓகே எதற்கு என்று தனித்தமிழ் அன்பர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது, அதற்கு விடை சோம்பல் அன்று. சரி என்னும் சொல்லுக்கு ஒப்பு, நேர், பிழையின்மை என்று முதுகெலும்பு உண்டு. ‘நீங்க சொல்றது சரி’ என்பவர் ஒரு தீர்ப்பு வழங்குகிறார்; நாளைக்கு அதற்கு அவர் பொறுப்பு. ‘நீங்க சொல்றது ஓகே’ என்பவர் தீர்ப்பை ஒத்திவைக்கிறார். அந்த வாக்கியம் பெரும்பாலும் ‘ஆனா’ என்ற சொல்லை நோக்கியே நகர்கிறது. ‘படம் எப்படி இருக்கு?’ என்றால் ‘ஓகே’ என்பார்கள். படம் எடுத்தவர் அதைக் கேட்டால் மனம் உடைவார். டிக்கெட் வாங்கிக் கொடுத்தவர் கேட்டால் ஆறுதல் அடைவார். பொருளை இருவரும் தத்தம் வீட்டிலிருந்து எடுத்து வந்திருக்கிறார்கள். படப்பிடிப்புத் தளத்திலும் இதே கதை. இயக்குநர் உரக்க ‘ஷாட் ஓகே’ என்பார். மூச்சுவிடும் நேரத்தில் ‘சேஃப்டிக்கு இன்னொண்ணு’ என்பார். ஓகே ஆனது உண்மையிலேயே ஓகே என்றால் பாதுகாப்புக்கு ஏன் இன்னொன்று? எடுத்ததைப் பெற்றுக்கொண்டேன் என்பதுதான் அதற்கும் பொருள்.

‘பொண்ணு வீட்ல ஓகே சொல்லிட்டாங்க’ என்ற தொடரில் ஓகே சம்மதத்தைத்தானே குறிக்கிறது என்று தடுப்பார் உளர். கூர்ந்து நோக்கினால் இத்தொடர் நம் துணிபை வலுப்படுத்துவதே. சம்மதப் பொருளில் ஓகே வழங்கும் இடங்களில் பெரும்பாலும் அது படர்க்கையில், இறந்தகாலத்தில், இன்னொருவர் வாய்வழியாக வருகிறது: ‘மேனேஜர் ஓகே பண்ணிட்டார்’, ‘லோன் ஓகே ஆயிடுச்சு’, ‘அப்பா ஓகேன்னுட்டார்’. மேலாளரும் வங்கியும் அப்பாவும் உண்மையில் சொன்னது என்ன என்பது தூது வந்தவருக்கே வெளிச்சம். தன்மையில், நிகழ்காலத்தில், முகத்துக்கு நேராகச் சொல்லப்படும் ஓகேக்குத்தான் நாம் இங்கே இலக்கணம் காண்கிறோம். மேலும், பெண் வீட்டார் ஓகே சொன்ன செய்தி கேட்டு எந்த மாப்பிள்ளை வீட்டாரும் நேரே முகூர்த்தப் புடவை எடுக்கப் போவதில்லை. பெரியவர்களைக் கூட்டி, வெற்றிலை பாக்கு வைத்து, நாலு பேர் பார்க்கத் தட்டு மாற்றிக்கொள்கிறார்கள். ஓகே சம்மதமே ஆகுமானால் தாம்பூலத்துக்கு வேலை என்ன? ஒரு சமூகமே ரசீதையும் ஒப்பந்தத்தையும் பிரித்து அறிந்து, இரண்டாவதற்குத் தனிச் சடங்கு வைத்திருக்கிறது.

தடைவிடை

முதல் தடை கணினியிலிருந்து வரும். திரையில் ‘ஓகே’ பொத்தானை அழுத்தினால் காரியம் நடக்கிறதே, அது செயற்சொல் அல்லவா என்பர். அப்பொத்தானின் வரலாறு வேறு விதம். 1980களின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனம் லிசா என்ற கணினியை உருவாக்கியபோது, அந்த இடத்தில் ‘இதைச் செய்’ என்று பொருள்படும் ‘டூ இட்’ என்ற சொற்களே இருந்தன. சோதித்துப் பார்க்க உட்கார்த்தியவர்களுள் ஒருவர் அதை ஒட்டிப் படித்து, ‘டோல்ட்’, அதாவது மடையன், என்று தன்னைக் கணினி திட்டுவதாக எண்ணி எரிச்சல் அடைந்தார். ஆகவே பொத்தானில் ஓகே ஏறியது. செயலைக் குறிக்கும் சொல் இருந்தது, வசவுக்கு இடங்கொடுத்தது, ஒன்றும் குறிக்காத சொல் அதன் இடத்துக்கு வந்தது என்பதே இதன் சாரம். பொத்தானின் உண்மைத் தன்மை, கணினி பிழைச்செய்தி காட்டும்போது வெளிப்படும். ‘உங்கள் கோப்பைத் திறக்க இயலவில்லை’ என்று ஒரு பெட்டி வரும். கீழே ஒரே ஒரு பொத்தான்: ஓகே. மூன்று மணி நேர உழைப்பு போய்விட்டதில் நமக்குச் சம்மதமா என்று கணினி கேட்கவில்லை. செய்தியைப் பெற்றுக்கொண்டீர்களா என்று கேட்கிறது. நாமும் பெற்றது உரைக்கிறோம்.

இரண்டாம் தடை கனமானது, நீதிமன்றத்திலிருந்து வருவது. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் 2021இல் ஒரு தானிய நிறுவனம், ஆளிவிதை வாங்கும் ஒப்பந்தத்தைப் படம்பிடித்து ஒரு விவசாயியின் கைப்பேசிக்கு அனுப்பி, உறுதிசெய்யச் சொன்னது. அவர் ஓகேக்கு ஈடாகக் கட்டைவிரல் உயர்த்திய படத்தை அனுப்பினார். பிறகு விலை ஏறியது; விதை வரவில்லை; வழக்கு வந்தது. ‘ஒப்பந்தம் கிடைத்தது என்பதைத்தான் தெரிவித்தேன், ஒப்புக்கொள்ளவில்லை’ என்று விவசாயி வாதாடினார். பெற்றது உரைத்தல் என்னும் கோட்பாடு ஒரு நீதிமன்றத்தில் இவ்வளவு தெளிவாக எடுத்துரைக்கப்பட்டதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. ஆனால் 2023இல் அவர் தோற்றார். 82,000 கனடிய டாலருக்கு மேல் இழப்பீடு கட்டச் சொன்னது தீர்ப்பு. அப்படியானால் கோட்பாடும் தோற்றதா? தோற்கவில்லை. அந்தத் தீர்ப்பு எதை நம்பி நின்றது என்று பார்க்க வேண்டும். முந்தைய ஒப்பந்தங்களுக்கு அதே விவசாயி ‘ஓகே’ என்பது போன்ற ஓரிரு சொற்களில் பதில் அனுப்பியிருந்தார். அனுப்பியபின் தானியத்தையும் கொண்டுவந்து இறக்கியிருந்தார். அவருடைய ஓகேக்குப் பொருள் கொடுத்தது அகராதி அன்று, வந்திறங்கிய லாரிகள். சொல் காலிப்பாத்திரமாகவே இருந்தது. அதில் பொருளை ஊற்றியது செயல். ஆகவே நம் விதிக்கு ஒரு திருத்தம் மட்டும் தேவை: ஓகே தன்னளவில் ரசீதே, சொன்னவர் இதற்குமுன் என்ன செய்தார் என்ற வரலாறு அதைச் சம்மதமாக்கலாம். வழக்கமாக ரேஷன் கடைக்குப் போகும் மகனின் ஓகேக்கும், ஒருநாளும் போகாதவனின் ஓகேக்கும் அம்மா வேறு வேறு பொருள் கொள்வது இதனாலேயே.

மூன்றாவது தடை எதிர்த்திசையிலிருந்து வரும்: இவ்வளவு அற்பமான வேறுபாட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? இதற்கு விடை சொல்லும்போது கேலியைச் சற்று ஒதுக்கிவைப்பது முறை. 1977 மார்ச் 27 அன்று, கேனரித் தீவுகளின் டெனெரீஃபே விமான நிலையத்தில் மூடுபனி. கேஎல்எம் நிறுவனத்தின் விமானம் ஓடுபாதையின் ஒரு முனையில் நின்றது. பான் ஆம் விமானம் அதே பாதையில் இன்னும் விலகாமல் வந்துகொண்டிருந்தது. கேஎல்எம் துணை விமானி, தாங்கள் கிளம்பும் நிலையில் இருப்பதாகப் பொருள் தெளிவில்லாத ஒரு தொடரைச் சொன்னார். கட்டுப்பாட்டு அறையிலிருந்தவர் ‘ஓகே’ என்றார். ஒரு சிறு இடைவெளி விட்டு, காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன் என்றார். அதே நொடியில் பான் ஆம் விமானமும் பேசியதால் அலைவரிசையில் கீச்சொலி எழுந்தது. கேஎல்எம் விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது ஓகே ஒன்றுதான். இரண்டு விமானங்களும் மோதிக்கொண்ட அந்த விபத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, சொன்னவர் ‘கேட்டது’ என்று எண்ணிச் சொன்ன சொல், கேட்டவர்களிடம் ‘போகலாம்’ என்று போய்ச் சேர்ந்தது. 583 பேர் இறந்தார்கள். அதன்பிறகு, கிளம்ப அனுமதி தரும் தருணத்தையும் அதை ரத்துசெய்யும் தருணத்தையும் தவிர வேறெங்கும் ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்றும், கட்டளையை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், வெறும் ஓகேயும் ராஜரும் போதாது என்றும் நடைமுறை இறுக்கப்பட்டது. பெற்றதற்கும் ஒப்பியதற்கும் உள்ள வேறுபாடு அற்பமானதன்று என்பதை அத்துறை மிகப்பெரிய விலை கொடுத்துக் கற்றது.

புறனடை

அப்படியானால் ஓகேயை ஒழித்துவிடலாமா? கூடாது. ஒழித்தால் என்ன ஆகும் என்று பார்க்க, அது இல்லாத ஒரு நாளைக் கற்பனை செய்தால் போதும். ஒவ்வொரு கேள்விக்கும் ‘செய்வேன்’ என்றோ ‘மாட்டேன்’ என்றோ சொல்லியாக வேண்டும். மாமியார் சொல்லும் வைத்தியத்துக்கும், அலுவலகத் தலைவரின் புதிய திட்டத்துக்கும், பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கும் முதலீட்டு யோசனைக்கும் அங்கங்கேயே தீர்ப்பு வழங்கியாக வேண்டும். மாலைக்குள் பாதிப் பேர் பொய்யர்களாகவும் மீதிப் பேர் பகைவர்களாகவும் ஆகிவிடுவார்கள். ஒருவர் பேசியதைக் கேட்டேன் என்று மரியாதையாகத் தெரிவிப்பதும், அதைச் செய்வதா வேண்டாமா என்பதைத் தன்னிடமே வைத்துக்கொள்வதும் நாகரிக வாழ்க்கைக்கு இன்றியமையாதவை. இரண்டையும் இரண்டெழுத்தில் செய்துமுடிக்கிறது ஓகே. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கிக் காட்டும் ஓகே முத்திரையைப் பிரான்சில் ‘பூஜ்யம்’ என்று பொருள்கொள்வதுண்டு. இக்கட்டுரையின் முடிவுக்கு மிக அருகில் வந்தவர்கள் அவர்களே. ஆனால் பூஜ்யத்தின் பயனை எண்முறை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வேண்டுவது ஒழிப்பு அன்று, எல்லைக்கட்டு. பணம், உயிர், மருந்து, பயணம் ஆகிய நான்கிலும் ஓகேயை விடையாக ஏற்கக்கூடாது. விமானிகளைப் போலச் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். ‘காலையில பாதி மாத்திரை, ராத்திரி ஒண்ணு’ என்று தாத்தா தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை மருந்துச்சீட்டு விளக்கப்பட்டதாகாது. மற்ற இடங்களில் ஓகே தாராளமாக உலவட்டும். ஆனால் அது நேர்விடையா, ஒன்பதாம் விடையா என்று அறிய ஓர் எளிய சோதனையைப் பரிந்துரைத்து இவ்வாராய்ச்சி நிறைவுறும். ஓகே என்று ஒருவர் சொன்னவுடன், முகம் மாறாமல், ‘எத்தனை மணிக்கு?’ என்று கேட்க வேண்டும். சம்மதத்துக்குக் காலம் உண்டு, ரசீதுக்குக் கிடையாது. ‘ஆறு மணிக்கு’ என்று பதில் வந்தால் அது நேர்விடை. பையை எடுத்துக் கொடுத்துவிடலாம். ‘பார்த்துச் சொல்றேன்’ என்று வந்தால் அது பெற்றது உரைத்தல். ரேஷன் கடை மூடுவதற்குள் நாமே கிளம்பிவிடுவது நல்லது.